இழுத்தால் அவிழ வேண்டிய முடிச்சு

கணியம்பாடி,
ஜூலை 10.

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் வீடும் நலம், கிணற்று மோட்டார்தான் நலமில்லை. அங்கு சுவீடனில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். நான் பாதி சொல்லும்போதே மீதியை நீ சொல்லி முடித்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பக்கத்து வீட்டுக் கிழவர் தன் மனைவியின் பிறந்தநாளுக்குத் தோட்டத்துக் கம்பத்தில் நாட்டுக்கொடி ஏற்றினார் என்றாய். சின்னவனின் வகுப்பில் பிறந்தநாள் கேக்கின் மேல்கூடக் குட்டிக் காகிதக் கொடிகளாம். "1814-இல் நார்வேயோடு போட்டதுதான் கடைசிச் சண்டை. இருநூறு வருஷத்துக்கு மேல் போரே பார்க்காத நாடு. இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது அம்மா இந்த நாட்டுப்பற்று?" என்று கேட்டாய். மிலிட்டரிக்காரர் வீட்டுப் பெண் கேட்கிற கேள்விதான். நாட்டுப்பற்று என்றால் பச்சை உடையும் கருப்பு டிரங்குப் பெட்டியும் என்று பார்த்து வளர்ந்தவள் நீ.

இன்று கண் பரிசோதனைக்கு வேலூர் போயிருந்தேன். (புரை இன்னும் முற்றவில்லையாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.) பஸ் மக்கான் சந்திப்பில் சிக்னலுக்கு நின்றது. சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு இன்று மலர்வளையம் வைத்திருந்தார்கள். வெயிலில் சாமந்தி வாடத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் தலையைத் தூக்கவே இல்லை. நான் மட்டும் சிக்னல் விழும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கேள்விக்கு அங்கேதான் ஒரு நூல் கிடைத்தது.

1806 ஜூலை 10, விடியுமுன் கோட்டைக்குள் நடந்தது உனக்குத் தெரியும், நானேதான் உனக்குப் பாடம் எடுத்தேன். கம்பெனிக்காரர்கள் சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகை கொடுத்தார்கள், அதில் தோலில் செய்த சின்னம். நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றார்கள். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. அதற்கப்புறம்தான் துப்பாக்கி வெடித்தது. கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது, சில மணி நேரம் பறந்தது. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் எல்லாம் முடிந்துபோனது. நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள்.

ஒரு வருஷம் ஐந்தாம் வகுப்பில் இதை நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அப்போ ஒரு தொப்பிக்காகவா சண்டை போட்டார்கள்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "உட்காருடா" என்று அதட்டிவிட்டேன். முதல் சுதந்திர முழக்கம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் நிற்கிறேன், இவன் தொப்பி என்கிறானே என்று கோபம். இன்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் அவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். அந்தச் சிப்பாய்கள் மனதில் கன்னியாகுமரி முதல் இமயம் வரை என்று ஒரு வரைபடம் இருந்திருக்காது. தன் நெற்றியில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இருந்தது. அந்தப் பையன் இப்போது ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். பார்த்தால் வணக்கம் சொல்கிறான். மன்னிப்புக் கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. 1806-க்கு முன்னால் நம் பக்கத்தில் போருக்குப் பஞ்சமே இல்லை. 1749-இல் ஆம்பூர், 1751-இல் ஆற்காடு முற்றுகை, 1760-இல் வந்தவாசி, 1781-இல் சோளிங்கர். நவாபும் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஹைதர் அலியும் மாறிமாறி நம் வயல்களை மிதித்திருக்கிறார்கள். அந்த ஜூலைக் காலைக்குப் பிறகு இந்த மாவட்டத்து மண்ணில் இரண்டு படைகள் எதிரெதிரே நின்றதாக நான் படித்ததில்லை. 1914-இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னையில் குண்டு போட்டபோது, நம் பங்குக்கு வந்து சேர்ந்தது ஒரு வசைச்சொல்தான். உன் பெரியப்பா உன்னைச் "சரியான எம்டன்" என்று திட்டுவாரே, அது. அப்படியானால் அமைதியில் உன் சுவீடனைவிட நம் வட ஆற்காடு எட்டு வருஷம் மூத்தது! இங்கேயும் வீட்டுக்கு வீடு கொடி குத்திக்கொள்கிறோம். உன் கேள்வியை நீ இங்கேயே கேட்டிருக்கலாம்.

"நம் ஆட்கள் எல்லைக்குப் போகிறார்களே" என்பாய். போகிறார்கள்தான். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றுதானே சொல்கிறோம். ஆனால் உன் நைனாவை எடுத்துக்கொள். 1973-இல் சேர்ந்தார், 1997-இல் திரும்பினார். 1971 போர் முடிந்தபின் போய், 1999 கார்கிலுக்கு முன் வந்துவிட்டார். இலங்கைக்கும் அவருடைய யூனிட் போகவில்லை. இருபத்துநான்கு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டினார், பயிற்சியில் தவிர ஒரு குண்டும் சுட்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று சூழ்ந்துகொண்டால் அவர் சொல்கிற ஒரே கதை உருளைக்கிழங்குக் கதை. ஸோஜிலா கணவாயைத் தாண்டி லே போகிற வழியில் லாரி ஒரு ராத்திரி பனியில் மாட்டிக்கொண்டது. காலையில் மூட்டையைத் திறந்தால் கிழங்கெல்லாம் கூழாங்கல்லாக உறைந்திருந்தது, ஒன்றை எடுத்துப் போட்டால் டணார் என்று சத்தம் கேட்டது என்பார். பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிடும். அவருக்கு மட்டும் கண் மின்னும். போரே பார்க்காத பட்டாளத்துக்காரரோடு குடும்பம் நடத்தியவளிடம்தான் நீ போர் பார்க்காத நாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய்.

அவர் போனபின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு அலுவலகம் என்னைப் பதினான்கு மாதம் அலையவிட்டதை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. ஒரே சான்றிதழை ஆறு தடவை கேட்டார்கள். என் பெயரில் ஓர் எழுத்து இடறியிருக்கிறது என்பதுதான் குற்றம். அந்த ஆகஸ்டில் கொடியேற்றத்துக்குப் போகவே கூடாது என்றிருந்தேன். ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் பாட்டுச் சத்தம் கேட்டதும் புடவையை மாற்றிக்கொண்டு போய் நின்றேன். முறுக்கிக்கொண்டுதான் நின்றேன். பக்கத்து ஊர்க்காரனிடம் யாராவது இப்படிக் கோபித்துக்கொள்வார்களா? வீட்டுக்காரனிடம்தானே இந்த உரிமை எல்லாம்.

இனி உன் ஊருக்கு வருகிறேன். நீ சொன்னதோடு நானும் கொஞ்சம் படித்தேன். 1860-களின் கடைசியில் அங்கே பெரும் பஞ்சம். அந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். எதிரி என்று யாரும் துரத்தவில்லை, பசி துரத்தியது. 1928-இல் ஹான்சன் என்ற தலைவர் நாடு என்பது ஒரு நல்ல வீடு போல, மூத்தாள் பிள்ளை இளையாள் பிள்ளை என்ற பேதம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பேசினார். அதற்கப்புறம் வரி மேல் வரி போட்டு, பள்ளி, மருத்துவம், முதியோர் பராமரிப்பு என்று ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். சம்பளத்தில் இவ்வளவு பிடிக்கிறார்களே என்று மாதாமாதம் நீ புலம்புகிறாய். சீட்டுக் கட்டாதவளுக்கு ஏலம் எப்படிப் போனால் என்ன? அந்தக் கிழவர் அறுபது வருஷமாகக் கட்டியவராக இருப்பார். அவர் கொடியை ஏற்றாமல் யார் ஏற்றுவது?

சின்னவன் யாருடைய காட்டிலும் நுழைந்து பழம் பறிக்கலாம், அது அங்கே எல்லோருக்கும் உள்ள உரிமை என்று நீ சொன்னதை இரண்டு நாள் நினைத்துக்கொண்டே இருந்தேன். இங்கே அடுத்தவர் தோப்பில் ஒரு மாங்காய்க்குக் கை நீட்டினால் கல் பறந்து வரும். ஆனால் நம் நாகநதியை நீ இப்போது பார்க்க வேண்டும். நீ படித்த காலத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய ஆறு. நூறு நாள் வேலைப் பெண்கள் ஆற்றிலும் ஓடைகளிலும் குழி வெட்டி, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மழைநீர் பூமிக்குள் போக வழி செய்தார்கள். நம் தெருக் கோடி வீட்டு அக்காவும் அதில் வேலை செய்தாள். இப்போது மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால், "இது நான் இறக்கிய உறை" என்று காட்டாமல் என்னை நகரவிட மாட்டாள்.

இருந்தாலும் கண்ணு, உன் ஊர்க்காரர்கள் போரையே அறியாதவர்கள் என்று நினைத்துவிடாதே. இரண்டாம் உலகப் போரில் பின்லாந்திலிருந்து சுமார் எழுபதாயிரம் குழந்தைகளைக் கழுத்தில் பெயர் அட்டை கட்டி அங்கே அனுப்பியிருக்கிறார்கள். எதிர்வீடு எரிந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். அதே போரில் ஜெர்மானியருக்கு இரும்புத்தாது விற்றார்கள், அவர்களுடைய சிப்பாய்களை ரயிலில் போகவிட்டார்கள். தங்கள் வீடு தப்பிய கணக்கில் அதையும் எழுதத்தான் வேண்டும். 2024 மார்ச்சில் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்துவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் போரோ நெருக்கடியோ வந்தால் என்ன செய்வது என்று வீட்டுக்கு வீடு ஒரு சிறு புத்தகம் வந்ததாக நீதானே சொன்னாய்? தண்ணீரும் டின் உணவும் வாங்கி வை என்று போட்டிருந்ததைப் படித்துக் காட்டிச் சிரித்தாய். கிழவர் சிரித்திருக்க மாட்டார்.

அவர்களுடைய தேசிய தினம் ஜூன் 6, அதற்கு விடுமுறை விட ஆரம்பித்ததே 2005-இல்தானாம். அதற்காக வேறொரு விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நம் ஊர் அலுவலகங்களில் அப்படிச் செய்திருந்தால் இரண்டாவது சிப்பாய்ப் புரட்சியே நடந்திருக்கும்.

சரி. அந்த நாளில்தான் நகர மன்றங்களில் புதுக் குடிமக்களை வரவேற்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாயே, அங்கே உன் குரல் மாறியது. உன் கேள்விக்குப் பின்னால் நிற்கிற கேள்வி அதுதான். அவர்கள் குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் இடமில்லை. அம்மா என்ன சொல்வாள், நைனா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கு.

நைனாவின் பெட்டியைப் போன மாதம் திறந்து வெயிலில் வைத்தேன். சான்றிதழ்களுக்கு அடியில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு கல் இருந்தது, செங்கல் நிறம், உள்ளங்கை அளவு. லடாக்கிலிருந்து எடுத்து வந்தது. அந்த ஊர்க்காரர்கள் பேசியதில் ஒரு வார்த்தை அவருக்குப் புரியாது, அவர் பேசியது அவர்களுக்குப் புரியாது. பாலாற்று மணலைக்கூட இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை அவர். அவரைக் கேட்டிருந்தால், "குளிருக்கு நல்ல பூட்ஸ் கொடுக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்.

எனக்கு வருத்தமே இல்லை என்று எழுத மாட்டேன். அந்தப் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்த அன்று வந்தவருக்கு மோர் கொடுத்தது நான்தான். உனக்குச் சரியென்று பட்டால் வாங்கிக்கொள். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு வேலை இருக்கிறது. ஆகஸ்ட் 15-க்குக் கொடி கட்டித் தரும்படி பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நைனா இருந்தவரை அவர்தான் கட்டினார். உள்ளே பூ வைத்து மடித்து அவர் போடுகிற முடிச்சு, எவ்வளவு காற்றடித்தாலும் பிரியாது, கீழே ஒரே இழுப்பில் அவிழ்ந்து பூவைக் கொட்டிவிடும். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம் வேறு யாரோ கட்டி, சிறப்பு விருந்தினர் இழுக்க இழுக்க இறுகி, கடைசியில் ஒரு பையனைக் கம்பத்தில் ஏற்றினார்கள். அதனால் பழைய துண்டும் கொடிக்கயிறும் வைத்துக்கொண்டு திண்ணைத் தூணில் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரண்டு தடவை தானாகவே அவிழ்ந்தது. மூன்றாவது தடவை கத்தரிக்கோல் எடுத்து வெட்ட வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டுக் கிழவர் அடுத்த தடவை கொடி ஏற்றும்போது சின்னவனைப் பக்கத்தில் நிற்கச் சொல். அவர் எப்படிக் கட்டுகிறார் என்று பார்த்துவந்து எனக்குச் சொல்லட்டும்.

அன்புடன்,
அம்மா