மஸ்கெலியா மிளகாய்க்கு யாழ்ப்பாணத்து வெயில் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுத்தோட்டத்து மிளகாய் மிஞ்சினால் "நான்கு நாள் நல்ல வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்" என்றுதான் பத்திரிகைக் குறிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அது யாழ்ப்பாணத்து முற்றத்துக்கும் தமிழ்நாட்டு மொட்டைமாடிக்கும் சரி. மே முதல் செப்டெம்பர் வரை மழை பெய்யும் ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் நான்கு நாள் வெயிலுக்கு எங்கே போவது? அதே ஆடி மாதத்தில் மலைக்கு அந்தப் பக்கம், வெலிமடையிலும் பண்டாரவளையிலும், மழை மறைவில் வறண்ட கச்சான் காற்று வீசும்; மிளகாய் சலசலவென்று காயும். மலையகம் முழுவதற்கும் ஒரே குறிப்பு எழுதுவதுதான் பிழை.

பறித்த மிளகாயில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தோலோ மெழுகு பூசினாற்போல இருக்கும். ஈரம் லேசில் வெளியேறாது. பகலில் இரண்டு மணித்தியால வெயில், பிறகு மூடுபனி, இரவில் சாக்கில் குவியல் என்று வைத்தால் உள்ளே வியர்க்கும். வெளியே சிவப்பாகப் பளபளக்கிற ஒன்றைப் பிளந்து பாருங்கள்: காம்படியிலும் விதையைச் சுற்றியும் சாம்பல் நிறப் பூஞ்சணம். அதைத் தட்டிவிட்டு வறுத்து அரைக்கிறவர்கள் உண்டு. சில பூஞ்சணங்கள் விடுகிற அஃப்ளடொக்சின் நஞ்சு வறுத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். கொட்டிவிடுவதே நல்லது.

மழைக்காலத்தில் காயவைத்தே ஆகவேண்டுமென்றால் காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் பிளந்து, விறகடுப்புக்கு மேலுள்ள பரணில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மடித்தால் வளையக்கூடாது, முறிய வேண்டும். ஒரு கிலோ காய்ந்து 200 முதல் 250 கிராம்தான் தேறும். சின்னக் கொச்சிக்காய்க்கு இது பொருந்தும், தோல் மெல்லியது.

நைமிரிஸ் என்கிற கார மிளகாயைக் காயவைப்பது வீண். ('நயி' என்றால் சிங்களத்தில் நாகபாம்பு, நாயோடு சம்பந்தமில்லை.) அதன் விசேஷமே மணம், காய்ந்தால் காரம் மட்டும் மிஞ்சும். அதற்கு வினாகிரிதான் சரி. அரைக் கிலோ காய்க்கு 500 மில்லிலீற்றர் வினாகிரி, இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி. லேபலில் அசற்றிக் அமிலம் 5 சதவீதம் என்றிருந்தால் நல்லது, 4க்குக் கீழே வேண்டாம். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள். மிளகாயே தன் தண்ணீரை விட்டுப் புளிப்பைக் குறைக்கும். முழுக்காயாகப் போட்டால் உள்ளே காற்று நின்று மிதக்கும், மேலே தெரிகிற பக்கம் கெடும். ஒவ்வொன்றையும் கீறிப் போடுங்கள். வினாகிரியை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்துச் சுடச்சுட ஊற்றுங்கள், அலுமினியம் ஆகாது. இரண்டு வாரம் கழித்துத் திறக்கலாம். ஜாம் போத்தலின் தகர மூடி துருவேறும், பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.

பழுத்த மிளகாய் கிலோக்கணக்கில் இருந்தால் புளிக்கவைப்பதே மலிவு. ஒரு கிலோவுக்கு 30 கிராம் உப்பு, தராசில் நிறுத்தே போடுங்கள். கொரகொரப்பாக அரைத்துப் போத்தலில் முக்கால் அளவுக்கு அமுக்கி நிரப்பி, மேலே உப்புத்தண்ணீர் கட்டிய பொலித்தீன் பையைப் பாரமாக வையுங்கள். காற்றுப் படாதவரை பூஞ்சணம் வராது. மூடியை இறுக்காதீர்கள், வாயு கிளம்பும். கொழும்பில் ஒரு வாரத்தில் புளிப்பது நுவரெலியாக் குளிரில் மூன்று வாரம்கூட எடுக்கும். இங்கேதான் பலர் பொறுமையிழந்து, "பழுதாகிவிட்டது" என்று கொட்டிவிடுகிறார்கள். மேலே வழுவழுப்பான வெள்ளை ஆடை படிந்தால் வழித்தெறிந்தால் போதும். பஞ்சுபோலக் கறுப்போ பச்சையோ முளைத்தால் முழுப் போத்தலும் குப்பைக்கு. நன்றாகப் புளித்ததும் ஒரு கப் வினாகிரி சேர்த்து அரைத்துக் கொதிக்கவைத்தால் நல்ல சோஸ்.

பச்சை மிளகாயும் உள்ளியும் எண்ணெயில் அமிழ்த்தி மேசையில் வைப்பது அண்மைக்காலப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். புளிப்பில்லாத ஈரம், மேலே காற்றைத் தடுக்கும் எண்ணெய்: உயிரைக் குடிக்கும் நஞ்சை விடுகிற பொட்டுலினம் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? அது மணத்திலோ ருசியிலோ காட்டிக்கொடுக்காது. எண்ணெயில் போடுவதென்றால் முறியக் காய்ந்த மிளகாய் மட்டும்.

ஃபிரீசர் உள்ளவர்கள் கழுவித் துடைத்து அப்படியே போடலாம்; மொறுமொறுப்புப் போகும், கறிக்குக் குறையில்லை.

வெட்டும்போது கையுறை போடுங்கள். எரிவு விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். அந்தக் காரம் தண்ணீரில் கரையாது. எரிகிற கையில் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அதன் பிறகு சவர்க்காரம் போடுங்கள்.

வீட்டுத்தோட்ட வாசகர்,
ஹட்டன்.