ஆல்ப்ஸ் வேண்டாம், க்ரூஸுக்கு வா

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. 200, 300, 400-க்குப் பிறகு 600 கிலோமீட்டரையும் சைக்கிளில் முடித்து, ஒரே வருடத்தில் நான்கையும் முடித்தவர்களுக்குத் தருகிற சூப்பர் ராண்டனர் பட்டம் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அந்த வெயிலில், ராத்திரி முழுக்க எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் கண் கூச, நெடுஞ்சாலை ஓரமாகவே அவ்வளவு தூரம் மிதிப்பது சாதாரண விஷயம் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் வந்து ஆல்ப்ஸில் ஒரு வாரம் மலையேறினால் 2027-இல் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு நல்ல பயிற்சி ஆகும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 1,200 கிலோமீட்டரில் பெரிய மலை என்று எதுவுமே கிடையாது. ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் கூட்டிப் பார்த்தால் 12,000 மீட்டர் பக்கம் ஏறியிருப்பாய், அதுவும் 90 மணி நேரத்துக்குள். ஆல்ப்ஸில் இருக்கும் அல்ப் துவெஸ் மாதிரி ஒரே ஏற்றம் என்றால் 14 கிலோமீட்டருக்கு ஒரு கியரைப் போட்டு, மூச்சை ஒரு கதியில் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். மேடு முடிவதற்குள் பள்ளம், பள்ளம் முடிவதற்குள் மேடு என்று வந்துகொண்டே இருந்தால் அந்தக் கதியே பிடிபடாது, காலை உடைப்பது அதுதான். அந்த மாதிரி நிலம் பிரான்ஸின் நடுப்பகுதியில் நான் இருக்கும் க்ரூஸ் மாவட்டத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது. கூடவே ஆல்ப்ஸில் கோடைக்காலத்தில் கிடைக்காத ஒன்றும் இங்கே உண்டு, யாருமே இல்லாத சாலை.

இந்தச் சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதினால்தான் உனக்குப் புரியும். பிரான்ஸில் மொத்தம் 10 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது, அதில் சுமார் 7 லட்சம் கிலோமீட்டர் கொம்யூன்களுடையது. கொம்யூன் என்றால் நம் ஊராட்சி மாதிரி, நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 35,000. இருநூறு பேர்கூட இல்லாத ஊருக்கும் தனி மேயர், தனி அலுவலகம், கூடவே மூன்று வீடு, ஐந்து வீடு என்று சிதறிக் கிடக்கிற ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தார்ச்சாலை. மிஷ்லேன் வரைபடத்தில் பெரிய சாலைகள் சிவப்பு, அடுத்தவை மஞ்சள், இந்தச் சின்னச் சாலைகள் வெள்ளை. ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தால் பார்க்க அழகான சாலை என்று அர்த்தம். நான் வழி போடும்போது வெள்ளைக் கோடுகளை மட்டும் கோத்துக்கொண்டே போவேன், வேறு வழியில்லாத இடத்தில் கொஞ்சம் மஞ்சள், சிவப்பைக் குறுக்கே கடப்பதோடு சரி. கைபேசிச் செயலி போட்டுத் தரும் வழியைவிட, மேஜையில் காகித வரைபடத்தை விரித்து வைத்து விரலால் போட்ட வழிதான் இதுவரை எனக்கு நன்றாக அமைந்திருக்கிறது.

ஒரு கார் போகிற அகலம்தான் இருக்கும். பல இடங்களில் நடுவே புல் முளைத்திருக்கும். இரண்டு பக்கமும் பாசி பிடித்த கருங்கல் சுவர், அதற்கு மேல் செஸ்ட்நட், ஓக் மரங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் செம்மண் நிறத்தில் லிமூஸேன் மாடுகள். சைக்கிள் சத்தம் கேட்டதும் ஒன்று தலையைத் தூக்கும், அப்புறம் மந்தையே தூக்கும். எதிரில் வருகிற விவசாயி டிராக்டரைப் புல்லில் இறக்கி நிறுத்தி வழிவிட்டு, கையையும் ஆட்டுவார். நீயும் ஆட்டு.

ஏன் இவ்வளவு அமைதி என்று வந்த புதிதில் நான் யோசித்ததே இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். 1850-களில் இந்த மாவட்டத்தில் 2,85,000 பேருக்கு மேல் இருந்தார்கள், இப்போது சுமார் 1,15,000. இந்த ஊர் ஆண்கள் கொத்தனார்கள். வசந்த காலம் தொடங்கும்போது கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, நடந்தே பாரிஸ் போய், கட்டட வேலை செய்துவிட்டுக் குளிருக்கு ஊர் திரும்புவார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் நிறைய கட்டடங்கள் இவர்கள் கை பட்டவை. அவர்களில் ஒருவரான மர்த்தேன் நதோ பிற்காலத்தில் நாடாளுமன்றம் வரை போனார். நாளடைவில் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதன் பிறகு முதல் உலகப் போர் வந்து, இருந்த இளைஞர்களில் பெரும் பகுதியைக் கொண்டுபோனது.

நீ வந்தால் உன்னை முதலில் கூட்டிப்போக நினைக்கும் இடம் மில்வாஷ் மேட்டுநிலத்தில் இருக்கிற ஜான்ஸியு. பிரான்ஸில் எல்லா ஊரிலும் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் உண்டு. பெரும்பாலும் அதில் வீரம், தாய்நாடு, வெற்றி என்றுதான் எழுதியிருக்கும். 1922-இல் ஜான்ஸியு மக்கள் எழுப்பிய சின்னத்தில் பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் ஒரு சிறுவன் நிற்கிறான். பள்ளிக்கூட மேலங்கி, கையில் தொப்பி, அப்பாவை இழந்த பிள்ளை. மடக்கிய முஷ்டியை அவன் நீட்டுகிற இடத்தில் 'போர் நாசமாய்ப் போக' என்று செதுக்கியிருக்கிறார்கள். அரசாங்கத் தரப்பில் நெடுங்காலம் அதைத் திறந்து வைக்கவே இல்லை. ஒபுஸோனிலிருந்து ஃபெல்தேன் வழியாக அங்கே போக அரை நாள் போதும், ஆனால் அங்கே போய் நின்றால் உடனே சைக்கிளில் ஏற மனசு வராது. அந்தப் பெயர்களில் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

ஆள் குறைந்ததும் நிலம் மாறியது. முன்பு ஆடு மேய்ந்த புதர்வெளிகளில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டக்ளஸ் ஃபிர் மரங்களை வரிசையாக நட்டார்கள், இப்போது அவற்றை வெட்டி எடுக்கிற காலம். மழித்த மாதிரி ஒரு குன்று முழுக்க வெட்டிப் போட்டிருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும், ஊர்க்காரர்களே இதை எதிர்த்துப் போராடுகிறார்கள். இந்தச் சாலைகளில் நீ பயப்பட வேண்டிய ஒரே வண்டியும் மரம் ஏற்றிய லாரிதான். சத்தம் கேட்டதும் ஓரமாக நின்றுவிடு.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், நாம் ரசிக்கிற அமைதி யாரோ ஊரைவிட்டுப் போனதால் வந்தது. பள்ளிக்கூடம் மூடி, காபிக்கடை மூடி, பஸ்ஸும் இல்லாமல் இங்கே இன்னும் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பாரிஸிலிருந்தே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வராதே. திறந்திருக்கிற ஒரு கடை கண்ணில் பட்டால் இறங்கி ஏதாவது வாங்கு, உள்ளே போகும்போதே 'போன்ழூர்' சொல்லிவிட்டுப் போ. பாண்டிச்சேரியில் படித்த பிரெஞ்சு எவ்வளவு மறந்திருந்தாலும் இங்கே கைகொடுக்கும், நின்று பேசுவார்கள்.

பேச்சு எடுக்க ஒரு பெயர் போதும், சைக்கிள் பந்தய வீரர் பூலிதோர். 1936-இல் இந்த மாவட்டத்தில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தும், முன்னணியில் இருப்பவர் போடுகிற மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. 1964-இல் புய் த தோம் மலை ஏற்றத்தில் போட்டியாளர் ஆன்க்தில் என்பவரும் இவரும் தோளோடு தோள் உரச ஏறியதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் நேற்று நடந்தது மாதிரி சொல்வார்கள். அன்று 14 விநாடியில் மஞ்சள் கைநழுவியது. 2019-இல் இறந்தார், 2021-இல் பேரன் மாத்யூ வான் டெர் பூல் அதே சட்டையைப் போட்டபோது இங்கே பலர் அழுதார்கள். ஜான்ஸியுவிலிருந்து வஸிவியேர் ஏரிக்குப் போவோம். 1985-இல் தூர் த பிரான்ஸில் ஒரு அமெரிக்கர் முதன்முதலாக ஒரு ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் பகுதி, ஜெயித்தது அங்கேதான், லெமோண்ட். 1990-இல் அதே இடத்தில் மஞ்சளையும் பிடித்தார்.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். இங்கே சாலையின் வலது பக்கம் போக வேண்டும். நேர்ச்சாலையில் சுலபமாகப் பழகிவிடும், காலியான சந்திப்பில் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் இடது பக்கம் இழுக்கும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை, அது சின்னச் சந்தாக இருந்தாலும். ஊருக்கு வெளியே உன்னை முந்துகிற கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலோர் உண்மையிலேயே காத்திருந்து முந்துவார்கள். கோடையில் தார் தெளித்துப் பொடி ஜல்லி கொட்டி வைப்பார்கள், 'கிராவியோன்' என்று பலகை பார்த்தால் இறக்கத்தில் பிரேக்கை மெதுவாகப் பிடி. 28 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறைந்த டயர் வேண்டாம், 32 என்றால் இன்னும் நல்லது.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். சிரிக்காதே, இங்கே சைக்கிள்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். எந்த ஊரிலும் கல்லறை இருக்கும், வாசலில் பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதே. சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். மதியம் 12-க்கு மேல் கடைகள் சில மணி நேரம் மூடிவிடும், திங்கட்கிழமை பல பேக்கரிகள் திறக்கவே திறக்காது. தொலைதூர சைக்கிள் பயணத்துக்கு இந்த நாட்டில் வழிகாட்டியவர் என்று சொல்லப்படும் வெலோசியோ, பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்று விதியே வகுத்திருந்தார். சைவக்காரர், 1930 வரை வாழ்ந்தவர். க்ரூஸில் அந்த விதியை மீறினால் அடுத்த கடை வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகலாம்.

பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸில் லிமோழ் போகிற ரயிலில் ஏறினால் லா சூத்தரேன் சுமார் மூன்று மணி நேரம், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். சைக்கிளைப் பெட்டியில் கட்டித் தூக்கிக்கொண்டு வராதே. என்னிடம் இருக்கிற பழைய ஸ்டீல் சைக்கிள் உன் உயரத்துக்குச் சரியாக இருக்கும், பின்னால் பெரிய பல்சக்கரமும் போட்டு வைக்கிறேன். உன் பெடலும் ஷூவும் மட்டும் போதும், ஒரு மழைச் சட்டையும் எடுத்துக்கொள், ஜூனிலும் இங்கே மழை உண்டு. லீவு எந்தத் தேதியிலிருந்து கிடைக்கும் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி