வரி வாங்காத ஊர்: நாளிதழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலையில் நாளிதழ் படித்த பிறகுதான் எனக்கு மற்ற வேலை ஓடும். உங்களிடம் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு சின்னச் செய்தி வரும்: 'ஊரை விட்டு ஒதுக்கி வைத்ததாகக் கூறிக் குடும்பத்துடன் மனு.' ஏழெட்டு வரிதான் இருக்கும். பல நேரம் ஒதுக்கியது யார் என்றே அதில் இருக்காது. 'இரு தரப்புக்கும் முன்விரோதம்' என்று முடிந்துவிடும்.

ஒதுக்குவது என்ற சொல்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நெற்றியில் விழும் முடியை ஒதுக்குகிறோம். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறோம். பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குகிறோம், மழைக்கு ஒதுங்குகிறோம். காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு உள்ளே இடம் எடுத்து வைப்பதையும் இட ஒதுக்கீடு என்றுதான் சொல்கிறோம். இத்தனை நல்ல வேலை செய்யும் சொல், ஒரு குடும்பத்தின் கழுத்தை நெரிக்கும் செயலுக்கு வந்து நிற்கும்போது, அந்தச் செயலும் ஏதோ கையால் மெல்ல நகர்த்தி வைத்ததுபோல ஆகிவிடுகிறது. அது மெல்ல நடப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பதினொரு வயதானபோது எங்கள் குடும்பத்துக்கு அது நடந்தது.

ஊர்ப் பெயர் வேண்டாம், தெற்கே ஒரு சிற்றூர். வரப்புத் தகராறு ஒன்றில் ஊர்க்கூட்டம் சொன்ன தீர்ப்பை அப்பா ஏற்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். ஊரை மீறி வெளியே போனதற்குத் தெண்டம் கட்டி, கூட்டத்தில் விழுந்து கும்பிட வேண்டும் என்றார்கள். அப்பா மாட்டேன் என்றார். அன்று இரவே 'கட்டு' போட்டார்கள். எங்களோடு பேசுகிறவர்கள் தெண்டம் கட்ட வேண்டும். இதற்கு ஊரில் வழங்கும் பெயர் ஊர்க்கட்டுப்பாடு. கட்டுப்பாடு என்றால் கேட்கவே ஒழுக்கமான சொல்லாக இல்லையா?

மறுநாள் காலை கடைக்குப் போனேன். கடைக்கார மாமா என்னைப் பார்த்தார், பிறகு தராசைப் பார்த்தார். 'சீனி இல்லம்மா' என்றார். மூட்டை அவர் காலடியிலேயே இருந்தது. குழாயடியில் அம்மா குடத்தை வைத்ததும் மற்றவர்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. காவலரிடம் காட்ட ஒரு காயமும் இல்லை.

உண்மையான அடி திருவிழாவின்போதுதான் விழுந்தது. உங்களில் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தலைக்கட்டு வரி தெரிந்திருக்கும். கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஊரே கொடுக்கும் பணம். வரி கொடுத்தால்தான் நீங்கள் ஊர்க்காரர். அப்பா பணத்தோடு போனார், கணக்கு எழுதுகிறவர் நோட்டை மூடிவிட்டார். வெளியூர்க்காரர்கள் இதை வாசித்தால் வரி கட்டாமல் தப்பித்தது நல்லதுதானே என்று நினைப்பார்கள். வரி வாங்கவில்லை என்றால் சாமி உங்களுக்குச் சொந்தமில்லை, முளைப்பாரி எடுக்க உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இடமில்லை, செத்தால் தூக்க ஆள் வராது என்று பொருள். அந்த ஆண்டு அக்கா வீட்டுக்குள் இருட்டில் முளைப்பாரி வளர்த்தாள். எடுத்துக்கொண்டு போக முடியாது என்று தெரிந்தே வளர்த்தாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் வந்தது. அம்மாவின் மொய் நோட்டில் இருபது வருடக் கணக்கு இருந்தது, யார் வீட்டுக்கு எவ்வளவு செய்தோம் என்று. அவற்றில் உள்ளூர் மொய் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பணம் போனதைப் பற்றி அம்மா ஒருநாளும் பேசியதில்லை. 'பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமப் போச்சே' என்பதுதான் அவள் சொன்ன ஒரே வார்த்தை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

உங்கள் தலைப்புகளில் இன்னொரு சொல்லும் இதே செயலுக்கு வருகிறது, புறக்கணிப்பு. வாக்காளர்கள் சாலை கேட்டுத் தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணிக்கிறார்கள். சுதேசிக் காலத்தில் அந்நியத் துணியைப் பகிஷ்கரித்தார்கள். இலங்கையில் இன்றும் வேலைநிறுத்தத்துக்குப் பணிப்பகிஷ்கரிப்பு என்ற பெயர் உண்டு. இவையெல்லாம் கையில் வேறு ஆயுதம் இல்லாதவர்கள் தங்களைவிடப் பெரிய ஒன்றுக்கு எதிராகச் செய்பவை. இன்னது கிடைத்தால் நிறுத்துவோம் என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்பவை.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பாய்காட் என்ற சொல்லின் பிறப்பே ஓர் ஊர்விலக்குதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்கச் சொல்லி உழவர்கள் கேட்டார்கள். அவர் வெளியேற்றும் நோட்டீஸ் கொடுக்கப் புறப்பட்டார். உடனே வேலைக்காரர்கள் விலகினார்கள், கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள், பயிரை அறுக்க உள்ளூரில் ஆள் இல்லை. எங்கள் ஊர் எங்களுக்குச் செய்ததும் ஏறத்தாழ இதுவேதான்.

ஆனால் அவருடைய அறுவடைக்கு வடக்கேயிருந்து ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்களையும் போலீசாரையும் அரசாங்கம் அனுப்பியது. எங்கள் அப்பாவுக்காக ஒரு காவலர்கூட ஊருக்குள் வரவில்லை. ஒரே செயல்தான், ஆனால் அது மேல்நோக்கிப் பாய்வதும் கீழ்நோக்கிப் பாய்வதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லித் தரும் பொறுப்பு நாள்தோறும் தமிழ் எழுதும் உங்களிடம் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தவர் அம்பேத்கர். 1927இல் அவர் தொடங்கிய மராத்தி இதழுக்கு வைத்த பெயரே 'பகிஷ்கிருத் பாரத்', அதாவது விலக்கப்பட்ட பாரதம். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்று 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கான கோரிக்கை ஆவணத்தில் எழுதினார். எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நடந்தது, பட்டியல் சாதி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நடந்தது. எங்களுக்கு மூடிய கடை பிறகு திறந்தது. கூலி உயர்வு கேட்டதற்காகச் சேரிக்கு வேலையும் கிடையாது, பாலும் கிடையாது என்று ஊர் முடிவெடுத்தால், அங்கே எத்தனை நாள் அடுப்பு எரியும்? இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது.

சட்டம் உங்களைவிடத் தெளிவாகப் பேசுகிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? தீண்டாமைக்கு எதிராக 1955இல் வந்த சட்டம், இன்று குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப்படுவது, இதை விளக்கி வைத்திருக்கிறது. வீடோ நிலமோ பயன்படுத்த விடாதது, கொடுக்கல் வாங்கல் செய்ய மறுப்பது, கூலிக்கு வேலை செய்ய மறுப்பது, வழக்கமாக வைத்திருக்கும் உறவை நிறுத்திக்கொள்வது. என் அம்மா நின்ற குழாயடியும் நான் நின்ற கடைவாசலும் இந்த வாசகத்துக்குள் அப்படியே இருப்பதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதியினர் மீதும் பழங்குடியினர் மீதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைச் சுமத்துவதும், சுமத்துவேன் என மிரட்டுவதும் குற்றம்.

சொந்தச் சாதிக்குள்ளேயே நடக்கும் ஊர்விலக்குக்கு மகாராஷ்டிரம் தனிச் சட்டம் செய்தது. 2016இல் நிறைவேறி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதுபோன்ற தனிச் சட்டம் நமக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று எழுதுகிற தலையங்கத்துக்கு முன்னால், நடப்பதற்கு ஒரு பெயர் வேண்டும் அல்லவா?

அந்தப் பெயர் நம்மிடம் இருக்கிறது. ஊர்விலக்கு. இதில் ஊர் இருக்கிறது, விலக்கியது யார் என்பது சொல்லுக்குள்ளேயே நிற்கிறது. 'ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பம்' என்று எழுதும்போது செய்தவர் மறைந்துபோகிறார். 'ஒதுங்கி வாழும் குடும்பம்' என்று ஒரு செய்தியில் படித்தேன், அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. நாங்கள் ஒதுங்கவில்லை ஐயா. மழைக்கு ஒதுங்கினால் மழை விட்டதும் போய்விடலாம்.

புகார் நிலையில் இருப்பதைத் தீர்ப்புபோல எழுத முடியாது என்பீர்கள். அது சரிதான், நானும் அப்படி எழுதச் சொல்லவில்லை. 'ஊர்விலக்கு செய்ததாக ஊர்ப் பஞ்சாயத்தார் மீது புகார்' என்று எழுதினால் 'செய்ததாக' என்ற சொல் உங்களைக் காக்கும், 'பஞ்சாயத்தார்' என்ற சொல் எங்களைக் காக்கும். நிருபரிடம் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள். கடையில் சாமான் தருகிறார்களா? தண்ணீர் எடுக்க முடிகிறதா? இந்த ஆண்டு கோயில் வரி வாங்கினார்களா? பேசினால் தெண்டம் என்று சொல்லியிருக்கிறார்களா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் 'முன்விரோதம்' என்ற சொல்லுக்கு அந்தச் செய்தியில் இடமிருக்காது.

எங்கள் வீட்டுக் கட்டு ஆறு ஆண்டுகள் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு முன்னால் அப்பா வரிப் பணத்தை எண்ணி, ஒரு தாளில் ஆண்டைக் குறித்து மடித்து, டிரங்குப் பெட்டியில் வைப்பார். என்றாவது ஒருநாள் கேட்பார்கள், பாக்கி இருக்கக் கூடாது என்பார். அவர் இறந்த பிறகு பெட்டியைத் திறந்தபோது ஆறு பொட்டலங்களும் இருந்தன.

இப்படிக்கு,
ஊர்விலக்கில் வளர்ந்த உங்கள் வாசகி