சிலைக்குக் கீழே நம் ஜாக்கிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில், ஜெனீவா அருகே செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் நிற்கும் நடராஜர் சிலையின் படத்தைப் போட்டிருந்தீர்கள். 2004-இல் இந்திய அரசு கொடுத்த சிலை அது. சிதம்பரத்துக்காரன் எனக்கு அதைப் பார்த்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் செய்தி சிலையோடு முடிந்துவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது.

அங்கே தரைக்கு அடியில் 27 கி.மீ. சுற்றளவில், புரோட்டான்களை வேகமாகச் சுற்றவிட்டு மோதவிடும் ஒரு சுரங்க வளையம் ஓடுகிறது. அதில் 15 மீட்டர் நீளமும் சுமார் 35 டன் எடையும் உள்ள காந்தங்கள் 1,232 வரிசையாக நிற்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பவை இந்தியாவில் செய்த ஜாக்கிகள். லாரிக்கு டயர் மாற்ற முட்டுக் கொடுப்போமே, கிட்டத்தட்ட அதே வேலை. ஆனால் இங்கே காந்தம் ஒரு தலைமுடிப் பருமன்கூட விலகக் கூடாது. அப்படிப்பட்ட ஜாக்கிகளைச் சுமார் 7,000 செய்து அனுப்பியிருக்கிறோம். 2012 ஜூலையில், மற்றத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தார்களே, அதற்காக மோதவிட்ட புரோட்டான்கள் சுற்றி வந்தது இந்தக் காந்தங்களுக்குள்தான். முப்பது வருடம் இயற்பியல் நடத்திய நான் இதை ஓய்வு பெற்ற பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். வகுப்பில் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பினர் ஆனது. வருடாவருடம் சந்தா கட்டுகிறோம். சரி, பதிலுக்கு என்ன? நம் நிறுவனங்கள் அங்கே டெண்டர் போடலாம். நம் இளைஞர்கள் ஒப்பந்தப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். விஞ்ஞானி வேலை மட்டுமல்ல, பொறியாளர், டெக்னீஷியன் வேலையும் உண்டு. கோவையிலும் ஓசூரிலும் துல்லிய வேலை செய்கிற பட்டறைக்காரர்களில் எத்தனை பேர் காதுக்கு இது எட்டியிருக்கும்?

பள்ளிப் பிள்ளைகளுக்கும் 2014 முதல் செர்ன் ஒரு போட்டி நடத்துகிறது. குழுவாகச் சேர்ந்து ஒரு சோதனையைத் தாங்களே திட்டமிட்டு எழுதி அனுப்ப வேண்டும். வென்றால், நிஜமான துகள் கற்றையில் அதைச் செய்து பார்க்க அழைத்துப் போகிறார்கள்.

அடுத்த முறை அறிவிப்பு வரும்போது உங்கள் கல்விப் பக்கத்தில் கடைசித் தேதியோடு போடுங்கள். எங்கள் வட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும், பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் தயாரிக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சிதம்பரம்.