நாளைக்கு என்ன ஆல்பம்?

அன்புள்ள கண்ணா,

நாளுக்கு ஒரு ஆல்பம் வீதம் வருஷம் முழுக்கக் கேட்கப்போவதாகச் சொன்னாய். நல்ல யோசனைதான். ஆனால் பேச்சுக்குப் பேச்சு '365' என்றாயே தவிர, எதை, எப்படி என்று ஒரு வார்த்தை வரவில்லை. போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஒரு ஆல்பம் 40 நிமிஷம் என்று வைத்தால் வருஷத்துக்கு 243 மணி நேரம் ஆகும். அந்த நேரம் உனக்குக் கிடைக்கும். கேட்க நேரமில்லாமல் இந்தப் பழக்கம் நிற்பதில்லை, எதைக் கேட்பது என்று தேடித் தேடித்தான் நின்றுபோகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'இன்றைக்கு என்ன?' என்று தேட ஆரம்பித்தால் இருபது நிமிஷம் அதிலேயே போய்விடும். கடைசியில் தெரிந்த ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு, பாதியில் தூங்கிவிடுவாய். தேடுவதற்கு வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் தனியாக ஒதுக்கு. அன்றைக்கே ஏழு நாளுக்கும் பெயர் எழுதி, பக்கத்தில் எத்தனை நிமிஷம் என்றும் குறித்துவிடு. மற்ற நாட்களில் தேடக் கூடாது, கேட்க மட்டும்தான்.

நிமிஷத்தைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1948-இல் வந்த 12 அங்குல எல்பி (லாங் பிளே) இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிஷம்தான் நன்றாக அடங்கும். அதனால் அந்தக் காலத்து ஆல்பங்கள் பெரும்பாலும் 35-லிருந்து 45 நிமிஷத்துக்குள் முடியும். 1982-இல் சிடி வந்ததும் 74 நிமிஷம் இடம் கிடைத்தது. தொண்ணூறுகளில் பலர் இடம் இருக்கிறதே என்று நிரப்பினார்கள். என்னைக் கேட்டால் அதில் பாதி நிரப்பியதுதான். வேலை நாளில் 45 நிமிஷத்துக்கு உட்பட்டதை வைத்துக்கொள். நீளமானதும் இரட்டை ஆல்பமும் லீவு நாளுக்கு.

'ஆல்பம்' என்ற பெயரே எல்பிக்கு முந்தியது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷம்தான் பிடிக்கும். பெரிய இசைக்கோர்வை என்றால் நான்கைந்து தட்டு தேவைப்படும். அவற்றை போட்டோ ஆல்பம் மாதிரி உறைகள் வைத்த புத்தகமாகக் கட்டி விற்றார்கள். தட்டு ஒன்றாகச் சுருங்கின பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி செட்டிங்ஸ். இதைச் சரிசெய்யாமல் முதல் ஆல்பத்தைத் தொடாதே. பாட்டு வரிசையைக் கலைத்துப் போடுகிற ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். ஆட்டோபிளேயையும் அணை. இல்லாவிட்டால் கடைசிப் பாட்டு முடிந்த கையோடு 'இதுபோல் இன்னும்' என்று வேறு யாரோ பாட ஆரம்பித்துவிடுவார்கள், ஆல்பம் எங்கே முடிந்தது என்றே தெரியாது. முடிந்ததும் வருகிற அமைதியும் கேட்பதில் சேர்த்திதான். கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வை. ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலைமேல் ஏற்றுகிற வசதி அது; விருந்துக்குச் சரி, இதற்கு ஆகாது. 1973-இல் வந்த, பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' மாதிரி பாட்டும் பாட்டும் தையல் தெரியாமல் ஒட்டியிருக்கிற ஆல்பத்தில் கிராஸ்ஃபேட் அந்தத் தையலையே பிரித்துவிடும். எம்பி3 கோப்பாக வைத்திருந்தால் இதற்கு நேரெதிர்த் தொல்லை. அந்த முறையில் சுருக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் சேர்ந்துவிடும், ஒட்டி வரவேண்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு வெட்டு விழும். இடைவெளி விழாமல் ஓட்டுகிற கேப்லெஸ் வசதி உள்ள பிளேயராகப் பார்.

சத்தத்தைச் சமப்படுத்துகிற நார்மலைசேஷனையும் ஒரு தடவை பார். பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தினால், மெதுவாக இருக்கவேண்டும் என்று வைத்த பாட்டும் பக்கத்துப் பாட்டின் உயரத்துக்கு வந்துவிடும். ஆல்பத்துக்கு மொத்தமாகச் சமப்படுத்தும்படி வைக்க முடிந்தால் அப்படி வை, முடியாவிட்டால் அணைத்துவிடு.

வரிசையில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். எல்பி தட்டு நிமிஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடின 33 சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. விளிம்பில் அந்த 1.8 விநாடிக்கு ஊசி ஓடுகிற பள்ளம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் கிடைக்கும். நடுவை நெருங்கும்போது 40-க்கும் கீழே போய்விடும். அதே இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணித்தால் உச்ச ஒலிகள் நசுங்கி, 'ச', 'ஷ' எல்லாம் கரகரக்கும். அதனால் தடபுடலான பாட்டை விளிம்பில், அதாவது பக்கத்தின் தொடக்கத்தில், வைத்து அடக்கமானதைப் பக்கத்தின் கடைசிக்குத் தள்ளுவது வழக்கமாயிற்று. எல்பி காலத்து ஆல்பம் கேட்கும்போது முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிந்தது என்று பார்த்துவைத்து, அங்கே ஒரு நிமிஷம் நிறுத்து. ஆறாவது பாட்டு ஏன் திடீரென்று புதுத் தொடக்கம் மாதிரி எகிறுகிறது என்று அப்போது புரியும்.

வரிசையே கதையாக இருக்கிற ஆல்பமும் உண்டு. 1967-இல் சிவகுமார் சர்மா சந்தூரிலும் (குச்சியால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்), ஹரிபிரசாத் சௌரசியா புல்லாங்குழலிலும், பிரிஜ்பூஷண் காப்ரா கிடாரிலும் சேர்ந்து செய்த 'கால் ஆஃப் த வேலி' ஒரு மேய்ப்பனின் ஒரு நாள். விடியலுக்கு ஆஹிர் பைரவில் ஆரம்பித்து, பொழுது ஏற ஏற ராகம் மாறிக்கொண்டே போய்ப் பஹாடியில் முடியும். ஷஃபிளில் போட்டால் ராத்திரிக்குப் பிறகு மத்தியானம் வரும்.

அடுத்தது பதிப்பு. ஒரே ஆல்பத்துக்கு ஆறேழு அட்டை தெரியும்: ரீமாஸ்டர், டீலக்ஸ், ஆண்டுவிழா. அதில் காட்டும் வருஷம் பல சமயம் மறுபதிப்பின் வருஷம். முதலில் வந்தபோது எத்தனை பாட்டு என்று பார்த்து அத்தோடு நிறுத்திக்கொள். உதாரணத்துக்கு டிரம்பெட் வாசிக்கிற மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. அசல் ஐந்து டிராக்தான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது ஐந்தாவதையே இன்னொரு முறை வாசித்துப் பதிந்தது. அழகாகத்தான் இருக்கும், ஆனாலும் முடிவைக் குலைத்துவிடும். இந்த ஆல்பத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. முதல் பக்கத்து மூன்று டிராக்குகளைப் பதிந்த அன்று ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். தட்டுக்கு அந்த டேப்பைத்தான் எடுத்தார்கள். 1992-இல் மறுபதிப்புக்குத்தான் சரிசெய்தார்கள். அதுவரை கூடவே வாசித்துப் பழகினவர்களுக்குத் தங்கள் வாத்தியம் சேராமல் போனதற்குக் காரணம் அதுதான்.

எப்படிக் கேட்பது என்பதற்கும் இந்த ஆல்பமே போதும். முதல் டிராக் 'ஸோ வாட்'. பியானோவும் பேஸும் (அடிக்குரலில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) மெதுவாக ஏதோ பேசிக்கொண்டு ஆரம்பிக்கும். பிறகு மெட்டை எடுப்பது டிரம்பெட் என்று எதிர்பார்ப்பாய், ஆனால் பேஸ்தான் எடுக்கும். பேஸ் ஒரு வரி கேட்க, மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்வார்கள். அங்கிருந்து விரலில் எண்ணு. நான்கு அடி ஒரு பார். பதினாறு பார் ஒரே இடத்தில் நிற்கும். அடுத்த எட்டு பார், மொத்தமும் அரை ஸ்வரம் மேலே தூக்கி வைத்த மாதிரி இருக்கும். கடைசி எட்டில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஆக 32 பார் ஒரு சுற்று, கடைசி வரை அந்தச் சுற்றுதான். அதன் ஸ்வர வரிசை, அது நிற்கிற இடத்தை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால், நம் கர்நாடக சங்கீதத்தின் கரஹரப்ரியா ராகம், 22-வது மேளம். டிரம்பெட் இரண்டு சுற்று வாசித்து முடித்ததும் டெனர் சாக்ஸ் நுழையும். நுழைகிற இடத்தை நீயே எண்ணிப் பிடித்துவிட்டால் 'ஜாஸ் எனக்குப் புரியாது' என்ற பேச்சை அன்றோடு விட்டுவிடுவாய்.

முதல் தடவை கேட்கும்போது விமர்சனம், விக்கிப்பீடியா எதையும் படிக்காதே. பாத்திரம் கழுவிக்கொண்டோ நடந்துகொண்டோ கேட்கலாம், தப்பில்லை. மெயில் பார்த்துக்கொண்டு மட்டும் வேண்டாம். வார்த்தையைப் படிக்கிற மனசு பாட்டில் உள்ள வார்த்தையை விட்டுவிடும். முடிந்த பிறகு யார் வாசித்தார்கள், எங்கே பதிந்தார்கள் என்று பார்.

அந்தப் பெயர்கள்தான் அடுத்த வாரத்துப் பட்டியல். 'உலகின் தலைசிறந்த ஆல்பங்கள்' என்கிற பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டாதே. பத்து நாளில் எல்லாம் ஒரே குரலாகக் கேட்கும். ஆளைப் பிடித்துக்கொண்டு போ. 'ஸோ வாட்'டில் அந்த பேஸை வாசித்தவர் பால் சேம்பர்ஸ். அதே 1959-இல், அந்த டெனர் சாக்ஸ்காரர் ஜான் கோல்ட்ரேன் பதிவுசெய்த 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'ஸிலும் அவர்தான். அதன் தலைப்புப் பாட்டில் சுருதியின் இடம் ஓரிரு பாருக்கு ஒரு தடவை மாறும், அவர் எப்படி ஓடிப் பிடிக்கிறார் என்று கேள். 'கால் ஆஃப் த வேலி'யின் குழலைப் பிடித்துக்கொண்டு போனால் 1988-இல் இளையராஜாவோடு சௌரசியா வாசித்த 'நத்திங் பட் விண்ட்' வரும். ஒரே இசையை அடுத்தடுத்த நாளில் இரண்டு விதமாகவும் கேட்கலாம். பாக் எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை க்ளென் கூல்ட் பியானோவில் வாசித்து 1955-இல் பதிந்தது 38 நிமிஷம், 1981-இல் பதிந்தது 51. அவரேதான், அதே ஸ்டூடியோதான் ('கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவானதும் அங்கேயேதான்). இரண்டாவதில் சில பகுதிகளைத் திருப்பி வாசிக்கிறார், நடையும் மாறியிருக்கும். ஆனால் ஒரே சங்கிலியில் மூன்று நாளுக்கு மேல் போகாதே. நான்காவது நாள் சம்பந்தமே இல்லாத ஒன்றைப் போடு, காது கழுவினாற்போல் இருக்கும்.

சினிமாப் பாட்டு ஆல்பத்துக்குக் கணக்கு வேறு. ஒவ்வொரு பாட்டும் ஒரு காட்சிக்குச் செய்தது, வரிசை கேட்பவனுக்காக அமைந்ததாக இருப்பது அபூர்வம். ஐந்தாறு பாட்டு, அரை மணிக்குள் முடியும், நேரம் இல்லாத நாளுக்கு உதவும். கடைசியில் ஒட்டியிருக்கிற கரோக்கியையும் ரீமிக்ஸையும் விட்டுவிடு. கச்சேரிப் பதிவு என்றால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். தொடக்கத்து வர்ணத்திலிருந்து உபபிரதானம் (பிரதானத்துக்கு அடுத்த பெரிய உருப்படி) வரை ஒரு நாள், பிரதான உருப்படி தனி ஆவர்த்தனத்தோடு (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி) ஒரு நாள், கடைசியில் வரும் சின்னத் துக்கடாக்கள் ஒரு நாள் என்று பிரித்துக்கொள். பிரதானத்தைப் பாதியில் வெட்டாதே.

நோட்டு ஒன்று வை. தேதி, ஆல்பம், கலைஞர், முதலில் வந்த வருஷம், நிமிஷம், ஒரு வரி. அந்த வரியில் காதுக்குக் கேட்ட ஏதாவது ஒன்று இருந்தே ஆகவேண்டும். 'நன்றாக இருந்தது' என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து முப்பது 'நன்றாக இருந்தது'தான் இருக்கும். 'நாலாவது பாட்டு, இரண்டாவது சரணத்துக்கு முன் டிரம்ஸ் நின்று குரல் மட்டும்' என்று எழுது, ஆல்பமே திரும்பி வரும். நட்சத்திரம் போடாதே, இரண்டு வாரத்தில் எல்லாம் மூன்றரையில் வந்து நிற்கும். 'மறுபடி', 'போதும்', 'பிறகு பார்ப்போம்' என்று மூன்றே குறி போதும்.

அந்த 'மறுபடி'க்கு வாரத்தில் ஒரு நாள் கொடு. உன் 365-இல் எனக்குள்ள சண்டையே இதுதான். நல்ல ஆல்பம் முதல் தடவையில் பாதிதான் கொடுக்கும். தினமும் புதுசு புதுசு என்று ஓடினால், முதல் தடவை கேட்டதுமே பிடித்துப்போகிற சாமான்தான் உனக்குத் தங்கும். புதுசு ஆறு, பழசு ஒன்று என்று வைத்துக்கொள். வருஷத்துக்கு 313 ஆகும், ஆகட்டும்.

ஒரு நாள் விட்டுப்போனால் விட்டதுதான். மறுநாள் இரண்டாகக் கேட்டு ஈடுகட்டாதே, இரண்டும் கலங்கிவிடும். பிடிக்காத ஆல்பத்தை 20 நிமிஷம் வரை, அதாவது ஒரு பக்கம் முடிகிற அளவுக்குக் கேள். அதற்கு மேல் கட்டாயமில்லை. எந்த இடத்தில் நிறுத்தினாய், எது உறுத்தியது என்று மட்டும் எழுது.

காது விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் ஐந்து. உன் ஆல்பத்துக்கே வாரம் ஐந்து மணி ஆகிறது, மீட்டிங்கும் வீடியோவும் தனி. ரயிலில் வெளிச் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றுவாய், அங்கேதான் தப்பு நடக்கும். காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனையாகப் பார்த்துப் போடு. முனை சரியாகப் பொருந்தாவிட்டால் முதலில் அடிக்குரல் ஒலிகள்தான் காணாமல் போகும், அதைத் தேடி மறுபடி வால்யூமை ஏற்றுவாய். வீட்டில் அமைதியாக இருக்கும்போது ஒரு அளவு வைத்து அதைக் குறித்துக்கொள், வெளியே அதற்கு மேல் போகாதே.

முதல் வாரத்துப் பெயர் ஏழையும் எழுதினதும் எனக்கு அனுப்பு. ஏழும் ஒரே பத்து வருஷத்துக்குள் இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அம்மா