சொல்வதை எழுதிய கைகளுக்கு

அன்புடையீர்,

கல்லூரிப் பருவத் தேர்வுகளில் பார்வையற்ற மாணவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது தேர்வரின் உரிமை. மூன்று மணி நேரத் தாள் அவருக்கு நான்கு மணி நேரமாகிறது, எழுதும் உங்களுக்கும்தான். எழுதுபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளைத்தான் அதிகம் தேடுகிறோம். அவர்களை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் இந்த நன்றியில் பங்குண்டு.

பிறருக்கு உதவினால் மனம் நிறையும் என்பார்கள். இந்த வேலையில் அந்த நிறைவு சும்மா வந்துவிடாது. விடை தெரிந்தும் வாய் திறக்கக் கூடாது. 1857 என்று சொல்ல வேண்டிய இடத்தில் மாணவர் 1875 என்றால், 1875 என்றுதான் எழுத வேண்டும். கை பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மதிப்பெண் வினாவின் நான்கு விடைகளைப் படிக்கும்போது, சரியான விடையில் நம்மை அறியாமல் குரல் அழுந்தும். கேட்டே பழகிய காது அதை உடனே பிடித்துவிடும். அதனால்தான் நான்கையும் ஒரே தொனியில், இடையில் நிறுத்தாமல், இரண்டு முறை படிக்கச் சொன்னோம்.

தமிழ்த் தாள்தான் உங்களை அதிகம் சோதித்திருக்கும். பிரெய்லில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. அதில் படித்தவருக்கு எழுத்தில் ஐயம் குறைவு. ஒலிப்பதிவு கேட்டே படித்தவருக்குப் பணியும் பனியும் காதில் ஒன்றாகவே விழுந்திருக்கும். அந்த இடங்களில் நீங்களாகத் தீர்மானிக்காமல், “மூணுசுழியா, ரெண்டுசுழியா?” என்று கேட்டீர்களே, அதுதான் சரியான உதவி. ஒற்றும் அப்படியே. அவர் ‘அந்த பையன்’ என்று சொன்னால், நடுவில் ப் போடுவது உங்கள் வேலை அல்ல. இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேதனை என்பதை அறிவோம்.

புள்ளியியல் தாளில் இடறுவது அடைப்புக்குறி. “வர்க்கமூலம் எக்ஸ் கூட்டல் நான்கு” என்று படித்தால் மூலக்குறி எதுவரை நீள்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. எக்ஸ் 5 என்றால் ஒரு வகையில் விடை 3. இன்னொரு வகையில் ஏறத்தாழ 6.24. “மூலத்துக்குள் எக்ஸ் கூட்டல் நான்கு, மூலம் முடிந்தது” என்று படித்தவர்கள் ஒரு கணக்கையே காப்பாற்றினீர்கள். பட்டியலை வரிசை வரிசையாக, ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் தலைப்பைச் சொல்லிப் படித்ததும் அப்படித்தான்.

விடை பாதியில் நின்றபோது முழுவதையும் திரும்பப் படிக்காமல் கடைசி இரண்டு வரியை மட்டும் படித்தீர்கள். அரை மணிக்கு ஒருமுறை, கேட்காமலே நேரம் சொன்னீர்கள். வினா எண்ணை ஓரத்தில் எழுதிய பிறகே விடையைத் தொடங்கினீர்கள். இது தவறினால் மாணவர் வரிசை மாற்றிச் சொல்லும் விடைகள் வேறு எண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். திருத்துபவருக்கு அது வெறும் தவறான விடை.

பிறருக்காகப் பணம் செலவிட்டவர்கள் தமக்காகச் செலவிட்டவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்ததை 2008-ல் கனடா, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் அந்த மகிழ்ச்சி கூடுகிறது என்பது அதைத் தொடர்ந்து வந்த ஆய்வு. உங்களுக்கு அந்த வாய்ப்பு அமைவதே இல்லை. தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். முடிவு யாரோ ஒருவரின் பதிவெண்ணில் வருகிறது. இது எங்கள் பக்கக் குறை. இனி, மாணவர் சம்மதித்தால், முடிவு வந்த வாரமே உங்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக, மாற்று ஆளாக வந்தவர்களுக்கு. எழுத வேண்டியவருக்குக் காய்ச்சல் வந்தாலோ பேருந்து தவறினாலோ ஒரு மாணவரின் அரை ஆண்டு உழைப்பு வீணாகும். அதற்காகவே ஐந்து மாணவருக்கு ஒருவர் என்று வாசலில் உட்காரவைத்தோம். நீங்கள் காலை ஒன்பது மணிக்கே வந்து, தேர்வு தொடங்கி அரை மணி வரை காத்திருந்து, ஒரு வரிகூட எழுதாமல் பேனாவை மூடிக்கொண்டு திரும்பினீர்கள். உள்ளே இருந்தவர்கள் பதறாமல் எழுதியது வெளியே நீங்கள் இருந்ததால்தான்.

நன்றியுடன்,
தேர்வு உதவி ஒருங்கிணைப்பாளர்கள்