எறும்பு வயித்துல இருக்கறதெல்லாம் கிருமி இல்ல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க அறிவியல் பக்கத்துல "கட்டெறும்பு வயிற்றில் கோடிக்கணக்கில் கிருமிகள், சமையலறை உஷார்"னு கொட்டை எழுத்துல போட்டீங்களே, அதால எங்க தண்டையார்பேட்டை லைன் வூட்ல என்ன ஆச்சி தெரியுமா. பக்கத்து வூட்டு அக்கா அத அடிபம்பு கிட்ட நின்னு சத்தமா படிச்சிட்டு, சாயங்காலமே எறும்பு பவுடர் வாங்கியாந்து நடை முழுக்க கொட்டிட்டாங்க. என் பேத்தி தவழ்ற புள்ள, பாத்தா ரெண்டு உள்ளங்கையும் வெள்ளை. மூணு வாட்டி சோப்பு போட்டு கழுவியும் அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல.

உங்களுக்கு தெரியாததா சார். நீங்க கிருமின்னு போட்டீங்களே, கட்டெறும்பு வயித்துல இருக்கற அந்த பாக்டீரியா பேரு ப்ளாக்மானியா. எறும்போட நடுக்குடல் செல்லுக்குள்ள குடியிருக்கு, முட்டை வழியா அம்மாகிட்டருந்து புள்ளைக்கு போவுது, எறும்ப வுட்டு வெளிய வந்து பொழைக்கவே தெரியாது, இதுல எங்க உங்க கிச்சனுக்கு வர்றது? 2007லயே மருந்து குடுத்து அத கொன்னு பாத்தாங்க, எறும்பு குஞ்சு வளக்கறதே கொறஞ்சி போச்சி. காலுல ஒட்டிக்கினு வர்ற கிருமி வேற சமாச்சாரம், அத நான் மறுக்கல.

எங்க நைனா ஒன்னுக்கு போன எடத்துல கட்டெறும்பு மொய்ச்சத பாத்துதான் ஆயா "சக்கரை"ன்னு சொல்லிச்சி, ஸ்டான்லி ஆஸ்பத்திரில டெஸ்ட்டு எடுத்ததெல்லாம் அப்புறம். எறும்பு வந்தது சக்கரைக்கு, ஆனா ஒன்னுக்குல இருக்கற யூரியாவையும் இந்த பாக்டீரியா வுடறதில்ல, அதுல இருக்கற நைட்ரஜன எடுத்து எறும்புக்கு அமினோ அமிலம் பண்ணி குடுக்குது. நாம கழுவி வுட்டதுல சமைக்குது சார், அதுக்கு பேரு கிருமியாம்.

இது மொத வாட்டியும் இல்ல. சிலந்திய ஆறு கால் பூச்சின்னு போட்டப்ப எழுதினேன், பதில் இல்ல. காசிமேடு போட்டோவுக்கு மெரினான்னு பேரு போட்டப்பவும் எழுதினேன். வெட்டு குத்துன்னா மட்டும் எங்க ஏரியா பேரு உங்களுக்கு ஸ்பெல்லிங்கோட கரெக்டா வருது, அது எப்படி? காலேஜ் லேப்ல 22 வருஷம் அட்டெண்டரா ஸ்லைடு தொடைச்சவன் நான், எங்க புரொபசர் முன்னாடி எல்லா பாக்டீரியாவும் கிருமின்னு ஒரு வாட்டி சொல்லிட்டு வாங்கி கட்டிக்கிட்டேன். உங்கள கேக்கத்தான் ஆளில்ல.

பெரிய படிப்பு படிச்சவங்க, கோச்சிக்காதீங்க. அடுத்த வாரம் ரெண்டே வரி திருத்தம் போடுங்க, ராசிபலனுக்கு கீழ போட்டாலும் பரவால்ல. கட் பண்ணி அடிபம்பு மேல ஒட்டிக்கறேன்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு லேப் அட்டெண்டர், தண்டையார்பேட்டை